போர் தண்ணீர், களி, கால்சியம் மாத்திரை: வாசகர் கேள்வி பதில்

எலும்பு, கால்சியம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறேன். எல்லாமே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. அந்தப் பக்கத்துக்கென்றே ஒரு தண்ணீர்ச் சிக்கல், அதாவது போர் தண்ணீரில் (ஆழ்துளைக் கிணற்று நீரில்) ஃப்ளோரைடு, இருப்பதால் தனியாகப் பேசுவதுதான் சரி. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கே: எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. முழங்கால் வலி என்று போனேன், கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாதக்கணக்காகப் போட்டும் வலி அப்படியே இருக்கிறது. என் மாமியாரோ, "நாங்க களி தின்னு வளர்ந்தவங்க, எங்களுக்கு எந்த மாத்திரை இருந்துச்சு" என்கிறார். மாத்திரையை விட்டுவிட்டு களிக்கே மாறிவிடலாமா டாக்டர்?
(வாசகி, பாலக்கோடு)

ப: உங்கள் மாமியார் சொல்வதில் முக்கால் பங்கு உண்மை. முதலில் முழங்காலை முடித்துவிடுவோம். இந்த வயதில் வரும் முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், அதாவது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்வது. அதற்கும் கால்சியத்துக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது, அதனால் வருடக்கணக்கில் மாத்திரை போட்டாலும் அந்த வலி குறையாது. தொடைத் தசையை உறுதியாக்கும் பயிற்சி, கொஞ்சம் எடைக் குறைப்பு, தரையில் சம்மணம் போட்டு எழுவதைக் குறைப்பது, இவைதான் அதற்கு உதவும். கால்சியம் குறைந்து எலும்பு மெலிவது வேறு விஷயம், அது வலிக்கவே வலிக்காது. வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ உடையும்போதுதான் பல பேருக்குத் தெரியவே வருகிறது. வலி இல்லையே, எலும்பு நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வதும் தப்பு, வலிக்கிறது என்பதற்காகக் கால்சியம் போடுவதும் தப்பு.

ஆனால் உங்களுக்குக் கால்சியம் தேவை, வலிக்காக இல்லை, மாதவிடாய் நின்றதற்காக. நம் உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மீதி ஒரு சதவீதம் ரத்தத்திலும் தசையிலும் இருந்துகொண்டு இதயம் துடிக்க, தசை சுருங்க, ரத்தம் உறைய வேலை செய்கிறது. ரத்தத்தில் அது குறைய உடம்பு விடாது. சாப்பாட்டில் வரவில்லை என்றால், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். மழை பொய்த்த வருடம் குதிரிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரிதான். அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் "கால்சியம் நார்மல்" என்று வந்ததை வைத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 30 வயதுக்குள் உச்சம் தொட்டுவிடும், அப்புறம் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதுவரை எலும்பு கரைவதைப் பிடித்து வைத்திருந்ததே அந்த ஹார்மோன்தான். முதல் சில வருடங்களில் இழப்பு ரொம்ப வேகமாக இருக்கும், நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. அதற்கு முந்தைய 2010 பட்டியலில் பெரியவர்களுக்கு 600 என்றுதான் இருந்தது, பழைய சமையல் குறிப்புகளில் அந்த எண் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இனி களி. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் தேறினால் அதிகம். தானியங்களில் ராகிக்குப் பக்கத்தில் வர எதுவும் இல்லை. உங்கள் மாவட்டத்துக்கு இது புதிதா என்ன, பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ராகி ரகங்களே இருக்கின்றன, 2023ல் உங்கள் ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் ராகி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் தொடங்கியது. ஆனால் ராகியில் இருப்பது அவ்வளவும் உடம்பில் ஒட்டாது. அதில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு போலச் சேரும் என்றால் ராகியில் அதைவிடக் குறைவு. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் ஃபைட்டேட் குறையும். முதல் நாள் கரைத்துப் புளிக்கவைத்து மறுநாள் காய்ச்சிக் குடிக்கிற கூழ் இந்த விஷயத்தில் களியை விட ஒரு படி மேல். களியை விடச் சொல்லவில்லை, களிக்குத் தொட்டுக்கொள்வது என்ன என்று பாருங்கள் என்கிறேன். முருங்கைக்கீரை, அகத்தி இவற்றில் எதைக் கடைந்தாலும் கால்சியம் கூடும், கொள்ளும் நல்லதுதான். பசலைக்கீரை இந்தக் கணக்கில் சேராது, அதில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம், கால்சியத்தை விடவே விடாது. ஒரு வேளை களி அல்லது கூழ், கீரை, 200 மில்லி பாலோ தயிரோ இரண்டு முறை, எள்ளுத் துவையலோ எள்ளுருண்டையோ கொஞ்சம், இவ்வளவு தினமும் சாப்பிட்டால் மாத்திரை தேவைப்படாமலே போகலாம். இதில் பாதிகூட முடியாது என்றால், பாக்கிக்கு மாத்திரை. அதுவும் உங்கள் டாக்டரிடம் கேட்டு, முடிந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்த்து. அதில் டி ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால்சியம் மட்டும் போதாது, வேறு மருந்து வேண்டியிருக்கும்.

மாமியார் காலத்து எலும்புக்குக் களி மட்டும் காரணம் இல்லை. தண்ணீர்க் குடம் இடுப்பில், புல்லுக்கட்டு தலையில், நாள் முழுக்க வெயிலில் களையெடுப்பு. எலும்பு பாரம் தாங்கினால்தான் உறுதிப்படும், வெயில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும், வைட்டமின் டி இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். களியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் அவருடைய எலும்பு வராது!

மாமியார் சொன்னதில் மீதிக் கால் பங்கு, அந்தக் களியை எந்தத் தண்ணீரில் கிண்டுகிறீர்கள் என்பது. அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கே: எங்கள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. வருடக்கணக்காக அந்தத் தண்ணீர்தான் குடிக்கவும் சமைக்கவும். பத்து வயது மகனுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கிறது, தேய்த்தாலும் போவதில்லை. என் அப்பாவுக்கு 63 வயது, முதுகு விறைத்துக்கொண்டு குனிய முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நல்ல கெட்டியாக இருக்கிறது என்கிறார்கள். கால்சியம் அதிகமாகிவிட்டதா? பால், ராகியை நிறுத்திவிடலாமா? மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறாள்.
(வாசகர், பென்னாகரம் அருகே)

ப: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்வியில் நீங்கள் யோசிக்கிற திசை நேர் எதிராக இருக்கிறது, அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கால்சியம் அதிகமானதால் வருபவை அல்ல. ஃப்ளோரைடு அதிகமானதால் வருபவை போலத் தெரிகின்றன. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பென்னாகரம் பக்கத்து போர் தண்ணீர், பல்லில் பழுப்புக் கோடு, விறைத்த முதுகு, எக்ஸ்ரேயில் கெட்டியான எலும்பு என்று நான்கும் ஒரே வீட்டில் சேர்ந்து வந்தால் எந்த டாக்டரும் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி முழுக்கக் கருங்கல் பாறை. அந்தப் பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு, தண்ணீர் நெடுங்காலம் பாறை இடுக்கில் தங்கும்போது அது கரைந்து வருகிறது. இது நேற்று முளைத்த நோயும் இல்லை. அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில், நெல்லூர்ப் பகுதியில் எலும்பைத் தாக்கும் இந்த ஃப்ளோரோசிஸ் நோயைப் பற்றி 1937லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் போய், வருடக்கணக்காகக் குடித்தால், முதலில் பல். எனாமல் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரை, அதிக ஃப்ளோரைடு உள்ளே போனால் பல்லில் திட்டு விழுகிறது. அப்புறம் எலும்பு. ஃப்ளோரைடு எலும்பின் தாதுப் பகுதிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். எலும்பு தடித்து எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தெரியும், ஆனால் உள்ளே நொறுங்கும் தன்மை கூடிவிடும். எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார்களிலும் சுண்ணாம்பு படிந்து முதுகும் கழுத்தும் விறைத்துக்கொள்ளும். ஆக அந்தக் கெட்டி எலும்பைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

கால்சியம் எங்கே வருகிறது என்றால், சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலில் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகி மலத்தோடு வெளியே போய்விடும். ஆக கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிறவர் உடம்பில்தான் ஃப்ளோரைடு அதிகம் சேரும். கால்சியமும் குறைவு, ஃப்ளோரைடும் அதிகம் என்றால் குழந்தைகளுக்கு முழங்கால் முட்டிக்கொண்டு கால் வளைந்துபோகிறது. பாலையும் ராகியையும் நிறுத்தினால் வீட்டில் இருக்கிற ஒரே பாதுகாப்பையும் எடுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்தக் களியையே போர் தண்ணீரில் கிண்டினால், களி எவ்வளவு தண்ணீரை இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும், அவ்வளவு ஃப்ளோரைடும் களியோடு உள்ளே போகிறது. குடிக்க மட்டும் நல்ல தண்ணீர், உலைக்கு போர் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அது பாதி வேலைதான்.

என்ன செய்ய வேண்டும் என்றால், முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோங்கள். பஞ்சாயத்திலும் களப் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கொதித்துத் தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் ஃப்ளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டர், புற ஊதாக் கதிர் ஃபில்டர் இவற்றாலும் பயன் இல்லை. ஆர்ஓ மெஷின் எடுக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் அதற்குச் செலவழிப்பதற்கு முன்னால் உங்கள் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது, இந்த நோய்க்காகத்தான் காவிரித் தண்ணீரை அவ்வளவு தூரம் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வருகிறது என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: மேல்நிலைத் தொட்டியில் அதை மட்டும் விடுகிறார்களா, போர் தண்ணீரையும் கலக்கிறார்களா? "ஒகேனக்கல் தண்ணி சப்பென்று இருக்கு, போர் தண்ணிதான் ருசி" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ருசியை வைத்து ஃப்ளோரைடைக் கண்டுபிடிக்க முடியாது, நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, மாட்டுத் தொழுவம் கழுவ. குளிப்பதால் ஃப்ளோரைடு ஏறாது. மாட்டுக்குக் குடிக்கவும் முடிந்த மட்டும் நல்ல தண்ணீரையே வையுங்கள், மாட்டுக்கும் இதே நோய் வரும்.

அப்பாவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். காலில் மரமரப்பு, நடை தடுமாற்றம், சிறுநீர் அடக்க முடியாமை இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி அது. படிந்த ஃப்ளோரைடு முழுக்க இறங்காது, ஆனால் தண்ணீரை மாற்றினால் மேலும் ஏறுவது நிற்கும், சிலருக்கு வலியும் விறைப்பும் கொஞ்சம் குறையும். மகனுடைய பல்லில் விழுந்த கறை தண்ணீரை மாற்றினாலும் போகாது, பல் மருத்துவரிடம் மேல்பூச்சு, மெருகேற்றுவது மாதிரி வழிகள் இருக்கின்றன, பெரியவனானதும் செய்துகொள்ளலாம். இப்போதே பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவசரம் மூன்று வயது மகளுக்குத்தான். அவளுக்கு நிலைப்பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது, தண்ணீரை இன்றைக்கு மாற்றினால் அவள் பல்லைக் காப்பாற்றலாம். பற்பசையும் அவளுக்கு அரிசி அளவு போதும், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். கடுங்காப்பி போனால் போகட்டும், பால் விடாத கடுந்தேநீர் மட்டும் யாருக்கும் அடிக்கடி வேண்டாம், தேயிலையே மண்ணிலிருந்து ஃப்ளோரைடை இழுத்துச் சேர்த்து வைக்கிற செடி.

கே: பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் போடுகிறார். அதுவே கால்சியம்தான், எலும்புக்கு நல்லது என்கிறார். உண்மையா?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

ப: சுண்ணாம்பில் கால்சியம் இருப்பது உண்மை, கொஞ்சம் உள்ளே போவதும் உண்மை. ஆனால் கூடவே பாக்கு போகிறது, பாதிப் பேருக்குப் புகையிலையும். பாக்கு மட்டுமே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த விஷயம். பாட்டியின் வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் முழுசாகத் திறக்க முடியாமை இருக்கிறதா என்று பாருங்கள். கால்சியத்துக்கு மோர் கொடுங்கள்.

கே: மகள் ஐந்து மாதக் கர்ப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். மறந்துவிடுவாள் என்று இரண்டையும் இரவில் சேர்த்தே போடச் சொல்லியிருக்கிறேன். சரிதானே? தைராய்டு மாத்திரையும் உண்டு.
(வாசகி, ஊத்தங்கரை)

ப: சேர்த்துப் போட வேண்டாம் அம்மா. இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். கர்ப்பிணிகளுக்கு அரசு வழிகாட்டுதல், 14வது வாரத்திலிருந்து குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை 500 மில்லிகிராம் கால்சியம், தினம் இரண்டு முறை. காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட வசதி. தைராய்டு மாத்திரையைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போடுவாள், அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், அதனால் இவளுக்கு மட்டும் கால்சியத்தை மதியமும் ராத்திரியும் சாப்பாட்டோடு, இரும்பை மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரமாவது கழித்து, மாலையில் டீ காபி இல்லாமல் என்று மாற்றிக்கொள்ளலாம், அடுத்த முறை போகும்போது நர்ஸிடம் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். கால்சியம் கார்பனேட் மாத்திரை சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும். அட்டையில் 1250 மில்லிகிராம் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கார்பனேட்டின் எடை, அதில் உள்ள கால்சியம் 500தான். குழந்தையின் எலும்புக்குத் தேவையானது சாப்பாட்டில் வராவிட்டால் அம்மாவின் எலும்பிலிருந்துதான் போகும். கால்சியம் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலும் இந்த மாத்திரையால் குறைகிறது, அதனால் வாந்தி வருகிறது என்று குப்பையில் போட விடாதீர்கள்.

கே: ஓசூரில் கம்பெனி வேலை, மாறி மாறி இரவு ஷிஃப்ட். வைட்டமின் டி 11 என்று வந்தது. வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் பாக்கெட் கொடுத்தார்கள். முடிந்தும் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடலாமா? காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வரும்போது வெயிலில்தான் வருகிறேன்.
(வாசகர், ஓசூர்)

ப: 20க்குக் கீழே என்றால் குறைவு, 11 நன்றாகவே குறைவு. வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்பதுதான் வழக்கமான முறை, அதற்குப் பிறகு டாக்டர் சொல்கிற குறைந்த அளவு. மெடிக்கலில் கேட்டு நீங்களாக வாரக்கணக்கில் தொடர வேண்டாம். இது உடம்பில் கொழுப்போடு தங்கிவிடும், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், கிட்னிக் கோளாறு வரை போகும். காலை ஆறு மணி வெயில் இதமாக இருக்குமே தவிர வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அதில் கிட்டத்தட்ட இல்லை. பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள், கை கால் முகத்தில் நேரடியாகப் பட வேண்டும், பஸ் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் கணக்கில் வராது. பகலில் தூங்கி எழுந்து மதியம் மாடியில் துணி காயப்போடுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள்.

கே: கிட்னியில் கல் இருந்து எடுத்தாயிற்று. கல் என்பதே கால்சியம்தானாமே, அதனால் பால், ராகி, கீரை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். சரியா?
(வாசகர், பர்கூர்)

ப: பாலையும் ராகியையும் திரும்ப ஆரம்பியுங்கள். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடும், இல்லாவிட்டால் ஆக்சலேட் தடையில்லாமல் கிட்னிக்கு வந்து சேரும். குறைக்க வேண்டியது உப்பு, பசலைக்கீரை. கூட்ட வேண்டியது தண்ணீர், சிறுநீர் வெளுத்துப் போகிற அளவுக்கு. கால்சியம் மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். திரும்பத் திரும்பக் கல் வந்தால் ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சுரப்பி அதிகமாக வேலை செய்தால் கல்லும் வரும், எலும்பும் மெலியும்.

கே: விரலில் நெட்டி முறித்தால் சத்தம் வருகிறது, நகத்தில் வெள்ளைப் புள்ளியும் இருக்கிறது. கால்சியம் குறைவுதானே?
(வாசகர், அரூர்)

ப: இரண்டும் இல்லை. சத்தம், மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும்போது வருவது. வெள்ளைப் புள்ளி எங்கேயோ இடித்துக்கொண்டதால் வந்தது, நகம் வளர வளரத் தானே வெளியே போய்விடும்.